ராமானுஜனின் 13 இலக்க எண்

6746328388800. ரயில் திண்டிவனம் தாண்டி விழுப்புரம் நெருங்கும்வரை இதைத்தான் தாளில் பிரித்துக்கொண்டிருந்தேன்.

தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் கொண்ட எண்களைப் பற்றி 1915-இல் ராமானுஜன் எழுதிய நீண்ட கட்டுரையில், அட்டவணையின் கடைசி எண் இது. 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-உம் 7-உம் இரண்டிரண்டு முறை, பிறகு 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்றும் ஒரு முறை. தடவைகளோடு ஒன்று கூட்டிப் பெருக்குங்கள்: 7×5×3×3×2×2×2×2×2. மொத்தம் 10080 காரணிகள்! அந்த 10080-உம் இதே இனத்து எண்தான். ஒரு வாரத்தின் நிமிடங்களும் அத்தனையே.

பகா எண் பெரிதாகப் பெரிதாக, அது வரும் தடவை கூடுவதே இல்லை, கவனித்தீர்களா? இந்த இனம் முழுக்க அப்படித்தான் என்று நிரூபித்தவர் அவர்.

இதிலிருந்து 23-ஐ மட்டும் நீக்கினால் 293318625600. அதுவும் இதே இனம். கையால் போட்ட அந்தப் பட்டியலில் அவர் தவறவிட்ட ஒரே எண்.

1910-இல் வேலை தேடிக் கும்பகோணத்திலிருந்து இதே விழுப்புரம் வந்து, வண்டி மாறித் திருக்கோவிலூர் போனார் ராமானுஜன். அங்கே துணை ஆட்சியராக இருந்தவர் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய வி. ராமசாமி ஐயர். கேட்டது ஒரு குமாஸ்தா வேலை. நோட்டைப் புரட்டிய ஐயருக்கு அந்த அறிவை அலுவலகத்தில் முடக்க மனம் வரவில்லை; சென்னைக் கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

விழுப்புரம், திண்டிவனம் கணக்கு ஆசிரியர்களே, காரணிப்படுத்தல் நடத்தும் நாளில் இந்த எண்ணைப் பலகையில் எழுதிப் பிள்ளைகளையே பிரிக்கச் சொல்லுங்கள்.