ரொமாஞாவின் ரொட்டிச் சூப்

இத்தாலியின் ரொமாஞா பிரதேசத்தில் குளிர்காலப் பண்டிகைகளின்போது வீடுகளில் வைக்கும் பாஸதெல்லி சூப்பை அடியிலிருந்து நானே தயாரித்துப் பார்த்தபோது, பழைய ரொட்டியை வீணாக்க மனம் வராத இல்லத்தரசிகளின் சாமர்த்தியமே அதன் ஜீவநாடி என்று எனக்குத் தோன்றியது. கோழியையும் மாட்டெலும்பையும் செலரி, காரட், வெங்காயத்தோடு குளிர்ந்த நீரில் இட்டு, மேலே திரளும் நுரையை அவ்வப்போது அகற்றி, தளதளவென்று கொதிக்கவிடாமல் சிறுதீயில் மூன்று மணி நேரம் வைத்தால்தான் சாறு தெளிவாக இறங்கும். கடையில் விற்கும் சூப்புக் கட்டியைக் கரைத்து இக்காரியத்தை முடித்துக்கொள்பவர்களோடு எனக்கு விவாதமும் இல்லை, சகவாசமும் இல்லை. உலர்ந்த ரொட்டித் தூள், துருவிய பார்மிஜானோ பாலாடைக்கட்டி, முட்டை ஆகியவற்றோடு சிறிது ஜாதிக்காயும் எலுமிச்சைத் தோல் துருவலும் சேர்த்துப் பிசைந்து, சற்று நேரம் மூடி வைத்த மாவை, துளையிட்ட இரும்புத் தகட்டால் அழுத்தினால், நம் காராசேவின் பருமனில் அது பிதுங்கிச் சாற்றில் விழுந்து, ஓரிரு நிமிஷத்தில் வெந்து மிதக்கிறது. 1891-இல் தமது பிரசித்தமான சமையல் நூலை வெளியிட்டவரும், அப்பிரதேசத்து ஃபொர்லிம்போபொலியில் பிறந்தவருமான பெல்லெக்ரீனோ அர்தூசி, மாவில் மாட்டு எலும்பு மஜ்ஜையும் சேர்க்கச் சொல்கிறார். நான் சேர்க்கவில்லை, பாலாடைக்கட்டியின் கொழுப்பே தாராளம்.