முன்னால் போனவர்

சேலத்திலிருந்து கரூர் போகும் ரயில் நாமக்கல்லைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் நிலம் மாறுகிறது. கோழிப்பண்ணைகளும் மானாவாரிக் காடுகளும் குறைந்து, கரும்பும் வாழையும் கோரையும் வருகின்றன. ஜேடர்பாளையத்தில் காவிரியிலிருந்து பிரியும் வாய்க்கால்களில் ஒன்றுக்கு மோகனூர் வாய்க்கால் என்றே பெயர். அந்தத் தண்ணீர் எட்டும் இடமெல்லாம் பச்சை. எட்டாத மேட்டு நிலத்துக் குடும்பங்களிலிருந்துதான் பிள்ளைகள் பட்டாளத்துக்குப் போனார்கள். என் அம்மாவின் அப்பா, எங்கள் அப்புச்சி, அப்படிப் போனவர்களில் ஒருவர். அவருடைய முதல் வருஷத் திதிக்காகத்தான் அவர் ஊரான மோகனூருக்குப் போனேன்.

இந்த ரயில் பாதையில் வண்டி ஓடத் தொடங்கியது 2013-இல்தான். அப்புச்சி பட்டாளத்துக்குப் போனது, சீனப் போர் முடிந்து ராணுவத்துக்குப் பெருமளவில் ஆள் எடுத்த 1963-இல். தகரப் பெட்டியோடு பரிசலில் காவிரியைக் கடந்து, எதிர்க்கரை வாங்கலில் இறங்கி, கரூர் போய் ரயில் பிடித்து, ஈரோடு வழியாகப் பெங்களூரு போனார் அப்புச்சி. அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. தகப்பன் இல்லாத வீட்டுக்கு மூத்த பிள்ளை. பின்னால் இரண்டு தங்கைகளும் ஒரு தம்பியும்.

அவர் சேர்ந்தது மெட்ராஸ் சாப்பர்ஸ். 1780-இல் தொடங்கிய பொறியாளர் படை. தலைமையிடம் பெங்களூரு அல்சூர். அந்தப் படை வீரர்களை ராணுவம் முழுவதும் ‘தம்பிகள்’ என்றுதான் அழைக்கிறது. பாலம் போடுவது, பாதை வெட்டுவது, கண்ணிவெடி அகற்றுவது அவர்கள் வேலை. டாங்கியும் காலாட்படையும் போகுமுன் அவர்கள் போக வேண்டும்.

மோகனூர் 1888-இல் நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை பிறந்த ஊர். 1930-இல் வேதாரண்யம் உப்பு யாத்திரைக்கு நடைப்பாட்டு எழுதியவர். ஆயுதம் இல்லாத போரைப் பாடியவர். அவர் ஊரிலிருந்து துப்பாக்கி பிடிக்கப் போனவர் என்று யாராவது சொன்னால் அப்புச்சி விடமாட்டார். “நாஞ் சுட்டது கொஞ்சம். வெட்டுனதும் கட்டுனதுந்தான் அதிகம்” என்பார்.

1971 டிசம்பரில், பாகிஸ்தானுடன் நடந்த போரில், அவர் இருந்தது மெட்ராஸ் சாப்பர்ஸின் 9-ஆவது பொறியாளர் ரெஜிமெண்ட். மேற்கு முனையில் ஷகர்கர் பகுதி. பசந்தர் ஆற்றைத் தாண்டி டாங்கிகள் போக வேண்டும். ஆற்றங்கரை முழுக்கக் கண்ணிவெடி. டிசம்பர் 15 இரவு, பீரங்கிக் குண்டுகள் விழுந்துகொண்டிருக்கும்போதே பாதை திறக்கும் வேலை நடந்தது. உருளை பூட்டிய டாங்கிகள் ஒரு பக்கம். ஆட்கள் மண்ணில் குப்புறப் படுத்து, கம்பியைச் சாய்வாகச் செருகித் தடவிப் பார்த்து, கிடைத்த வெடியைத் தோண்டி எடுப்பது இன்னொரு பக்கம். கம்பியை நேராகக் குத்தினால் வெடியின் தலையில் படும். சுத்தமான பாதையின் ஓரங்களில் வெள்ளை நாடா கட்டுவார்கள். நாடாவுக்கு உள்ளே வந்தால் உயிர் பிழைக்கலாம். பூனா ஹார்ஸ் டாங்கிகள் ஆற்றைக் கடந்தன. மறுநாள் போரில் 21 வயது அருண் கேத்ரபால் உயிர்விட்டுப் பரம்வீர் சக்ரா பெற்றார். அந்தக் களத்தில் பாதை திறந்த பொறியாளர்களில் உயிர்நீத்த மேஜர் விஜய் ரத்தன் சௌதரிக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது.

இதில் எதையும் அப்புச்சி ஊரில் விரித்துச் சொன்னதில்லை. வெள்ளை நாடாவைப் பற்றி மட்டும் சொல்வார்.

திதி முடிந்து அசலதீபேஸ்வரர் கோயில் பக்கமாக நடந்து சின்ன அப்புச்சி வீட்டுக்குப் போனேன். அப்புச்சியின் தம்பி, ஓய்வு பெற்ற வாத்தியார். “வா கண்ணு, மொதல்ல சாப்புடு, அப்பறம் பேசிக்கலாம்” என்றவர், சாப்பாடு முடிந்ததும் அந்தத் தகரப் பெட்டியை எடுத்து வைத்தார். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் விலாசம் ‘நாமக்கல் தாலுகா, சேலம் மாவட்டம்’ என்றிருக்கிறது. நாமக்கல் தனி மாவட்டமானது 1997-இல்தானே. அதற்கடியில், நூல் போட்டுக் கட்டிய மணியார்டர் கூப்பன்கள்.

பணம் அனுப்புகிறவர் இரண்டு வரி எழுத மணியார்டர் படிவத்தின் அடியில் இடம் விட்டிருப்பார்கள். தபால்காரர் பணத்தோடு அந்தத் துண்டையும் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போவார். அனுப்புநர் விலாசத்தில் ஊர்ப் பெயருக்குப் பதில் ‘56 ஏ.பி.ஓ.’ என்ற ராணுவத் தபால் நிலைய எண்தான் இருக்கும். மகன் காஷ்மீரில் இருக்கிறானா, பஞ்சாபில் இருக்கிறானா என்று வீட்டுக்குத் தெரியாது. அந்த இரண்டு வரிகளில் அப்புச்சி குடும்பம் நடத்தியிருக்கிறார். ‘தம்பிக்கு பீஸ் கட்டவும்.’ ‘அம்மாவுக்கு கண்ணாடி மாற்றவும்.’ ‘சின்னவள் கலியாணத்துக்கு கடன் வாங்க வேண்டாம், தையில் லீவு வருகிறேன்.’ 1972 ஜனவரியில் வந்த கூப்பனில், பசந்தர் முடிந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், இப்படி இருந்தது: ‘சுகம். தம்பி பரீட்சைக்கு மண்ணெண்ணெய்ச் செலவு பார்க்காமல் படிக்கட்டும்.’

“அந்தப் பரீட்சைல பாஸாகித்தான் கண்ணு நான் டிரெய்னிங் போனேன். எங்கண்ணன் அங்க வெடி எடுத்துட்டு இருந்துச்சுன்னு எனக்கு ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் தெரியும்” என்றார் சின்ன அப்புச்சி. சொல்லிவிட்டுக் கூப்பன்களை அதே வரிசையில் மறுபடி கட்டினார்.

எண்பதுகளில் ஹவில்தாராகத் திரும்பிய பிறகும் அப்புச்சி ஓயவில்லை. ஓய்வூதியம் போதாமல் இரவுக் காவல் வேலை பார்த்தார். பேரப்பிள்ளைகளை வாய்க்காலில் நீந்தப் பழக்கினார். வீட்டில் எல்லாரும் சாப்பிட்டாகிவிட்டதா என்று கேட்ட பிறகுதான் இலையில் உட்காருவார். பாலம் கட்டிப் பழகிய கை அவருடையது. மோகனூருக்கும் வாங்கலுக்கும் நடுவே பாலம் வந்தபோது, அந்த வயதிலும் அக்கரை வரை நடந்து போய்த் திரும்பினார்.

அவர் அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு பத்திரிகைப் படம் ஒட்டியிருந்தது. ஜெனரல் பி.பி. குமாரமங்கலம். திருச்செங்கோடு பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன் குடும்பம். 1942-இல் வட ஆப்பிரிக்கப் போரில் டி.எஸ்.ஓ. விருது பெற்று, எதிரியிடம் சிறைப்பட்டு, இத்தாலியில் தப்பி, மறுபடி பிடிபட்டு ஜெர்மனிச் சிறை வரை போனவர். 1966 முதல் 1969 வரை இந்தியத் தரைப்படைத் தலைமைத் தளபதி. “நம்ம சேலம் ஜில்லாக்காரரு” என்று அப்புச்சி பெருமைப்படுவார். அந்தக் குடும்பத்தின் கதை நாடறிந்தது. தந்தை சுப்பராயன் சென்னை மாகாண முதலமைச்சர், தம்பி மோகன் மத்திய அமைச்சர், தங்கை பார்வதி கிருஷ்ணன் பொதுவுடைமை இயக்கத்தின் நாடாளுமன்ற உறுப்பினர். அவர்களைப் பற்றி நூல்களில் படிக்கலாம். அதே ஜில்லாவிலிருந்து போன சாப்பரின் வரலாறு ஒரு தகரப் பெட்டியில் இருக்கிறது.

எனக்கு இப்போது ஒன்று தெளிவாகிவிட்டது. பசந்தரில் செய்ததைத்தான் அவர் மோகனூரிலும் செய்தார். ஆபத்தில் முதலில் தான் இறங்கி, பின்னால் வருகிறவர்கள் நடக்கப் பாதை திறந்துவிட்டார். அந்தப் பாதையில் நடந்துதான் சின்ன அப்புச்சி வாத்தியாரானார், என் அம்மா கல்லூரிக்குப் போனார், நான் இதை எழுதுகிறேன். போர்க்களச் சேவைக்கு ராணுவம் பதக்கம் கொடுத்தது. குடும்பத்துக்குச் செய்த சேவையைப் பதிவு செய்ய வேண்டியவர்கள் நாம்தான்.

1971-இல் இருபது வயதில் களத்தில் நின்றவர்களுக்கு இன்று எழுபது தாண்டிவிட்டது. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். அவரிடம் போய் உட்காருங்கள். எந்த ரெஜிமெண்ட், எந்த முனை என்று கேளுங்கள். வீட்டுக்கு எவ்வளவு அனுப்பினார், அதில் யார் படித்தார்கள், யாருக்குக் கலியாணம் நடந்தது என்றும் கேளுங்கள். அவர் மனைவியையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். பாதிக் கதை அந்த அம்மாவிடம்தான் இருக்கும். கேட்டதை எழுதி வையுங்கள்.