குளத்துல மீன் செத்தா உடனே "விஷம்"னு சொல்லாதீங்க

குளத்துல மீன் செத்து மிதந்தா "எவனோ மருந்து ஊத்திட்டான்"னு சொல்றதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க. கொஞ்சம் நீளமான த்ரெட். மீன் வளர்க்காதவங்களும் படிக்கலாம். இதுல பாதி நம்ம மூச்சோட கதைதான்.

நான் காவிரி டெல்டாவில் ஒரு அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். ஐப்பசி மாதம். மூணு நாளா வெயிலே கிடையாது. மழையும் ஒழுங்கா பெய்யாம வானம் சும்மா மூடிக்கிட்டே இருந்துச்சு.

நைட் டூட்டி முடியுற நேரம், காலை ஆறே முக்கால். தலையில் துண்டைச் சுத்திக்கிட்டு, சட்டையெல்லாம் ரத்தத்தோட ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தாங்க. ஐம்பது வயசு இருக்கும். கட்டையால அடி. அடிதடி கேஸ் என்பதால் ஏ.ஆர். எழுதணும், என்ன நடந்துச்சுன்னு கேட்டே ஆகணும். அவர் வாயே திறக்கலை. கூட வந்த அவர் அண்ணன் மகன்தான் சொன்னான்.

இவர் வயலுக்குப் பக்கத்துல ஊர்க்குளம். மீன்பாசி ஏலம் எடுத்தவர் வேற ஆள். வீட்டு நகையை அடகு வச்சு ஏலம் எடுத்து, கட்லா, ரோகு விட்டு, பொங்கலுக்குப் பிடிக்கலாம்னு வச்சிருந்தார். அன்னைக்கு விடியக்காலையில போய்ப் பார்த்தா குளம் பூரா வெள்ளை வெள்ளையா மிதக்குது. முந்தின நாள் சாயங்காலம்தான் இவர் வயலுக்கு பூச்சிமருந்து அடிச்சிருக்கார். ரெண்டு பேருக்கும் ஏற்கெனவே வரப்புத் தகராறு. அப்புறம் என்ன, பேச்சே கிடையாது. நேரா கட்டைதான்.

நான் தையல் போட்டுக்கிட்டு இருக்கேன். பக்கத்துல நின்ன எங்க மருத்துவமனைப் பணியாளர் அண்ணன் சொந்தமா ஒரு குட்டையில மீன் வளர்க்கிறவர். பஞ்சை எடுத்துக் குடுத்துக்கிட்டே அந்தப் பையனைப் பார்த்துக் கேட்டார்:

"விரால் செத்துச்சாடா தம்பி?"

"இல்லண்ணே. விரால், தேளியெல்லாம் ஓடிக்கிட்டுதான் இருக்கு. கட்லாதான் மொத்தமா போச்சு. அதுவும் பெருசு பெருசா."

"அப்ப விஷம் இல்லடா. மூச்சு முட்டிச் செத்திருக்கு."

இவ்வளவு சுருக்கமான டயக்னோசிஸை நான் எந்த வார்டு ரவுண்ட்ஸிலும் கேட்டதில்லை.

அந்தக் கேள்விக்குள்ள என்ன இருக்குன்னு சொல்றேன். விராலும் தேளியும் பனையேறிக்கெண்டையும் தண்ணிக்கு மேல வந்து நேரடியா காற்றைக் குடிச்சு வாழத் தெரிஞ்ச மீன்கள். அதுக்குன்னு தனி உறுப்பே இருக்கு. கட்லா, ரோகுவுக்கு அது கிடையாது. செவுளை மட்டும்தான் நம்பணும். பூச்சிமருந்து கலந்திருந்தா இந்த வித்தியாசம் பார்க்காது. விராலையும் விடாது, தண்ணிப்பூச்சி, கூனிறால் எல்லாத்தையும் சேர்த்துத்தான் கொல்லும். ஆக்சிஜன் குறைஞ்சா மட்டும்தான் இப்படிப் பொறுக்கி எடுக்கும். பெரிய மீன் முதல்ல போகும், குஞ்சு தப்பிக்கும். நேரமும் பெரும்பாலும் விடியக்காலையாத்தான் இருக்கும்.

ஏன் விடியக்காலை? இதுதான் முக்கியமான விஷயம்.

முதல்ல ஒரு கணக்கு. நாம சுவாசிக்கிற ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கு. நம்ம ஊர் வெயிலில் 30 டிகிரி சூட்டில் இருக்கும் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில்? காற்றோட சமநிலையில இருந்தா ஏழரை மில்லிகிராம். அவ்வளவுதான். தண்ணி சூடாக ஆக அது இன்னும் குறையும். நாம இழுக்கும் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன் இருந்தா, வெளியே விடும்போது 16 சதவீதத்தைத் திருப்பி விட்டுடுறோம். அவ்வளவு தாராளம் நமக்கு. மீனுக்கு அந்தச் சொகுசு கிடையாது.

இந்த ஏழரை 5-க்கு மேல இருந்தா மீன் நல்லா சாப்பிடும், வளரும். 3-க்குக் கீழ போனா திணறும். 1-க்குக் கீழ போனா கட்லாவெல்லாம் தாங்காது.

பச்சைக் கலர்ல இருக்கும் குளத்துத் தண்ணியைப் பார்த்திருப்பீங்க. அந்தப் பச்சை முழுக்க கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி. பகல்ல வெயில் இருக்கும்வரை அது ஒளிச்சேர்க்கை பண்ணி ஆக்சிஜனைத் தண்ணிக்குள்ள விடும். மதியம் மூணு நாலு மணிக்கு அளந்தா அளவுக்கு மேலேயே இருக்கும். சூரியன் மறைஞ்சதும் கதை தலைகீழ். அதே பாசியும் நம்மளை மாதிரி ஆக்சிஜனை எடுத்துக்கிட்டு கார்பன் டை ஆக்சைடு விடும். மீனும் எடுக்கும், அடிச்சேற்றில் இருக்கும் பாக்டீரியாவும் எடுக்கும். ராத்திரி பூரா செலவு, வரவு மிகக் குறைவு. சூரியன் உதிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் கையிருப்பு அடிமட்டத்துக்கு வரும்.

இப்போ மூணு நாள் மூட்டம் போட்டா? பகல் வரவே பாதியாகிடும். செலவு மட்டும் அப்படியே. மூணாவது ராத்திரி கணக்கு முடிஞ்சிடும். நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லா இரை எடுத்த மீன் ஒரே ராத்திரியில் மொத்தமா மிதக்கும். பார்க்கிறவங்களுக்கு அது விஷம் மாதிரிதான் தெரியும். அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது.

கோடை வெயிலுக்கு அப்புறம் திடீர்னு கனமழை பெய்தாலும் இது நடக்கும். மேல்தண்ணி குளிர்ந்து கீழே இறங்கும், ஆக்சிஜனே இல்லாத அடித்தண்ணி மேலே கலக்கும்.

மீன் கூட்டமா மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுறதைப் பார்த்து "பசிக்குது போல"ன்னு தீவனம் போடுறவங்க இருக்காங்க. விடியக்காலையில் அப்படி வந்தா பசி இல்லைங்க, மூச்சுத்திணறல். காற்றைத் தொட்டுக்கிட்டு இருக்கும் மேல்மட்டத் தண்ணியில்தான் கொஞ்சமாவது ஆக்சிஜன் இருக்கும், அதைத் தேடி வருது. ஆஸ்துமா நோயாளி படுக்க முடியாம எழுந்து உட்கார்ந்து முன்னாடி குனிஞ்சு மூச்சு வாங்குவாரே, அதே நிலைமை. அந்த நேரம் தீவனம் போட்டா அது அழுகி இருக்கிற ஆக்சிஜனையும் தின்னும்.

இங்கதான் ஏரேட்டர் வருது. இறால் பண்ணைகளில் துடுப்பு மாதிரி சுத்தித் தண்ணியை வாரி அடிக்குமே, அதுதான். பலர் அது தண்ணிக்குள்ள காற்றைத் திணிக்குதுன்னு நினைக்கிறாங்க. அதோட வேலை தண்ணியைத் துளித்துளியா உடைச்சு, காற்றோட உரசுற பரப்பைப் பெருசாக்குறது. நம்ம நுரையீரல் ஒரே பையா இல்லாம கோடிக்கணக்கான குட்டிக் குட்டிப் பைகளா இருக்கிறதும் இதே காரணத்துக்குத்தான். ரெண்டாவது வேலை கலக்குறது. அசையாத தண்ணிக்குள்ள ஆக்சிஜன் தானா பரவுறது, காற்றில் பரவுறதைவிட சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவு. கலக்கினாத்தான் அடிவரைக்கும் போய்ச் சேரும்.

அடிவரைக்கும் போனா என்ன லாபம்? மீன் கழிவும் மிச்சத் தீவனமும் அம்மோனியாவா மாறும். அது மீனுக்கு விஷம். நைட்ரோசோமோனாஸ் மாதிரி பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டா மாத்தும், வேற பாக்டீரியாக்கள் அந்த நைட்ரைட்டை அவ்வளவா கெடுதல் இல்லாத நைட்ரேட்டா மாத்தும். ரெண்டு வேலைக்கும் ஆக்சிஜன் வேணும். ஆக்சிஜன் இல்லைன்னா வேலை பாதியில் நிக்கும். அடிச்சேறு கறுத்து அழுகின முட்டை நாத்தம் வரும்.

நைட்ரைட் தேங்கினா நடக்குறது டாக்டர்களுக்கு நல்லாத் தெரிஞ்ச விஷயம். அது ரத்தத்துக்குள்ள போய் ஹீமோகுளோபினை மெட்ஹீமோகுளோபினா மாத்திடும். அதால ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. ரத்தம் சாக்லேட் கலராகிடும். டாப்சோன் மாத்திரையை அளவுக்கு மேல சாப்பிட்டு வர்றவங்ககிட்ட நாங்க பார்க்கிறதும் இதுதான். மனுஷனுக்கு மெத்திலீன் ப்ளூ ஊசி. மீனுக்கு? சாதாரண உப்பு! உப்பில் இருக்கும் குளோரைடு, செவுள் வழியா நைட்ரைட் உள்ளே நுழையாம வழியை அடைச்சிக்கும்.

அடி வாங்கினவருக்கு வருவோம். சி.டி. ஸ்கேனுக்கு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். நல்லவேளை, உள்ளே ரத்தக்கசிவு இல்லை. யார் மேல தப்புன்னு சொல்றது என் வேலை இல்லை, காயத்தை எழுதுறதுதான் என் வேலை. ஆனா ஏ.ஆர். வாங்க வந்த காவலர்கிட்ட "மீன்வளத்துறையை ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்க"ன்னு சொன்னேன். அவங்க மீட்டரோட வந்தாங்க. சாயங்காலம் 4 மணிக்கு 6 காட்டிய குளம் விடியக்காலை 5 மணிக்கு 1-க்கும் கீழே காட்டுச்சு. அடிச்சவர் மேல கேஸ் இன்னும் இருக்கு. அடகு நகையும் இன்னும் திரும்பலை.

மீன் வளர்க்கிறவங்களுக்கு: ஏரேட்டர் இருந்தா நடுராத்திரியிலிருந்து விடியுறவரை ஓட்டுங்க, மூட்டமான நாள்ல கண்டிப்பா. மத்தியான வெயில்ல மட்டும் ஓட்டிட்டு ராத்திரி கரண்ட் மிச்சம் பிடிக்கிறது தலைகீழ் சிக்கனம். பல வருஷம் அசையாமக் கிடந்த குளத்துல முதல் நாளே அடிவரை போட்டுக் கலக்காதீங்க, கெட்ட தண்ணி மொத்தமா மேலே வந்து நீங்களே மீனைக் கொன்ன மாதிரி ஆகிடும். கொஞ்சம் கொஞ்சமா நேரத்தைக் கூட்டுங்க. ஏரேட்டர் இல்லையா, ஆயில் இன்ஜினை வச்சு அதே குளத்துத் தண்ணியை இறைச்சு அதே குளத்துலேயே உயரத்திலிருந்து சிதறி விழ விடுங்க. மூட்டம் தெளியுறவரை தீவனம், சாணி, உரம் எதுவும் வேண்டாம். ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தா அதை எடுத்தாலே பாதி மூச்சு வரும்.

மூச்சுத்திணறலுக்கு ஆண்டிபயாடிக் கொட்டச் சொல்லி விக்கிறவங்களை நம்பாதீங்க. குளோராம்பெனிகால், நைட்ரோஃபுரான் மாதிரி மருந்துகள் இந்தியாவில் மீன், இறால் வளர்ப்புக்குத் தடை செய்யப்பட்டவை. மத்தது வேலை செய்யாம போனா அந்த நஷ்டம் கடைசியில் எங்க வார்டுக்குத்தான் வரும்.

இன்பாக்ஸ்ல எப்படியும் கேப்பீங்க: செத்து மிதந்த மீனைச் சாப்பிடலாமா? வேண்டாம். எதனால, எத்தனை மணிக்குச் செத்துச்சுன்னு உறுதியாத் தெரியாது, நம்ம வெயில்ல சீக்கிரம் கெட்டுப் போகும். விஷமா இருக்குமோன்னு சந்தேகம் இருந்தா, ஒரு பாட்டில் குளத்துத் தண்ணியும் ஐஸ்ல வச்ச ரெண்டு மீனும் எடுத்துக்கிட்டு அன்னைக்கே மீன்வளத்துறை அலுவலகத்துக்குப் போங்க.

இன்னொண்ணு. ஏரேட்டருக்குப் போற வயரில் ஒட்டுப் போட்டு டேப் சுத்தாதீங்க. 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் மாட்டுங்க. மெஷின் நின்னுடுச்சுன்னு ராத்திரி ரெண்டு மணிக்கு ஸ்விட்சை அணைக்காம தண்ணிக்குள்ள இறங்காதீங்க.