பிழை திருத்துபவரின் டிசம்பர்

டிசம்பர் 2, 2024, திங்கள்

புயல் கரையைக் கடந்துவிட்டது; அதன் பெயர்தான் இன்னும் கடலில் நிற்கிறது. பெங்கல், ஃபெங்கல், ஃபெஞ்சல் என்று மூன்று விதமாக எழுதுகிறார்கள். சவூதி அரேபியா கொடுத்த பெயர். ஆங்கில எழுத்தை மட்டும் பார்த்தவர்கள் பெங்கல் என்றார்கள். வானிலைத் துறையின் உச்சரிப்புக் குறிப்பையும் பார்த்தவர்கள் ஃபெஞ்சல் என்றார்கள். அயல் பெயர்கள் தமிழுக்குள் வரும்போது இப்படித் தடுமாறுவது புதிதில்லை. ஆனால் இன்று வந்த ஒரு நாளிதழில் தலைப்பில் ஒன்று, செய்தியில் இன்னொன்று, படக்குறிப்பில் மூன்றாவது. எது சரி என்று தெரியாமல் வந்த கோளாறாக இது தோன்றவில்லை. அச்சுக்குப் போகுமுன் அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை ஒருவரும் படித்திருக்க மாட்டார்கள்.

டிசம்பர் 4, புதன்

சென்னைப் புத்தகக் கண்காட்சி இம்முறை பொங்கல் வரை காத்திருக்கவில்லை. 27ஆம் தேதியே தொடங்குகிறது. பதிப்பாளர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் காய்ச்சல். எனக்கு வந்திருக்கும் சிறுகதைத் தொகுப்பு முழுவதும் கைப்பேசியிடம் பேசி எழுதியது. எழுத்தாளரே பெருமையாகச் சொன்னார்.

அதில் ஒரு கதையின் திருப்பமே ஒரு வரியில் இருக்கிறது. கணவனின் வேட்டியில் மனைவி எதையோ பார்த்து அதிர்கிறாள். “வேட்டியில் கரை இருந்தது.” கரை இல்லாத வேட்டியை எந்தக் கடையில் விற்கிறார்கள்? அவர் சொன்னது கறை. நம்மில் பலருடைய நாக்கு ர, ற வேறுபாட்டை விட்டு வெகுகாலமாகிறது. கைப்பேசி என்ன செய்யும்?

பிழை திருத்தும் மென்பொருளும் இதைத் தொடாது. அதற்குக் கரையும் சொல், கறையும் சொல். கையால் எழுதிய காலத்துப் பிழை தானே காட்டிக்கொடுக்கும்: ‘பள்ளிகூடம்’ என்று கண்டால் கண் நின்றுவிடும். இப்போது வரும் பிழையோ ஒழுங்காக உடுத்திக்கொண்டு வருகிறது. வாக்கியத்தின் பொருளைப் பிடித்துக்கொண்டு போகிறவருக்குத்தான் அது அகப்படும்.

டிசம்பர் 7, சனி

பக்கம் வடிவமைக்கும் பெண் அட்டையை அனுப்பியிருந்தாள். வேறொரு நூல், தலைப்பு ‘பாட்டி தந்தப் பெட்டி’. பேசினேன்.

“பாட்டி என்ன, யானைத் தந்தத்திலா பெட்டி செய்தாங்க?”

“இல்ல சார், குடுத்த பெட்டி.”

“அப்போ அந்த ‘ப்’ எதுக்கும்மா?”

“ஒற்று போட்டா நல்ல தமிழ், போடாட்டி பேச்சுத் தமிழ்னு நினைச்சேன் சார்.”

சிரிக்கத் தோன்றவில்லை. பெயரெச்சத்துக்குப் பின் வல்லினம் மிகாது என்ற விதி அவளுக்குப் பள்ளியில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக வந்து போயிருக்கும். ஒற்று பொருளை மாற்றும் என்று யாரும் ஒரு பெட்டியைக் காட்டிச் சொல்லித் தரவில்லை. அதனால் ஒரு கூட்டம் ஒற்றையே கைவிட்டது. இன்னொரு கூட்டம் பயந்துபோய் எல்லா இடத்திலும் தூவுகிறது. இரண்டாவது கூட்டத்திடம் எனக்குக் கொஞ்சம் பரிவு உண்டு. அவர்களுக்கு மொழியின் மேல் மரியாதையாவது இருக்கிறது.

டிசம்பர் 11, புதன்

பாரதி பிறந்த நாள். காலையிலிருந்து வாட்ஸ்அப்பில் மீசையும் தலைப்பாகையுமாக வருகிறார். கூடவே அவர் எழுதாத வரிகள், அதிலும் எழுத்துப்பிழையோடு. 1904இல் ‘சுதேசமித்திர’னில் உதவியாசிரியராக உட்கார்ந்து செய்தி எழுதிப் பிழைத்தவர் அவர்.

குடும்பக் குழுவில் சித்தியின் செய்தியும் இருந்தது: “பாரதி பொறந்தநாளு. புள்ளைங்களுக்கு ஒரு பாட்டு சொல்லி குடுங்க.” ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஊரிலிருந்து கடிதம் என்றால் அடுத்த வீட்டுப் பையனிடம் சொல்லித்தான் எழுதுவார். இன்று தினமும் தானே எழுதுகிறார். இதைத் தமிழின் வீழ்ச்சி என்று என்னால் கணக்கெழுத முடியாது. சித்தி பேசுவது போல எழுதுகிறார். அவர் எழுத்தில் ஒருநாளும் எனக்குப் பொருள் குழம்பியதில்லை. நூல் எழுதிக் காசு வாங்குகிறவரிடம்தான் எனக்கு வழக்கு.

டிசம்பர் 15, ஞாயிறு

வடிவமைக்கும் பெண்ணுக்குத் தமிழ்99 விசைப்பலகையைச் சொல்லிக்கொடுத்தேன். 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டி வந்த முறை. இடக்கைக்கு உயிர், வலக்கைக்கு மெய். ‘க’வை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும், ‘ந’வை அடுத்து ‘த’ தட்டினால் ‘ந்த’. தமிழ் எழுத்து எப்படிச் சேர்கிறது என்று விரலுக்கே தெரிந்துவிடும். ஆங்கில எழுத்தில் தட்டினால் கைப்பேசி நாலைந்து சொற்களை நீட்டும். அதில் ஒன்றைப் பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான். அங்கே எழுதுவது குறைவு, தேர்வு செய்வதே அதிகம்.

இன்னொன்றும் காட்டினேன். ஒரு நாவலில் கௌரி என்ற பெயரைத் தேடினால் பாதி இடங்கள்தான் கிடைத்தன. மீதி இடங்களில் ‘கெ’ தட்டி, பக்கத்தில் ‘ள’ தட்டி, ‘ரி’ சேர்த்திருந்தார்கள். பார்வைக்கு அதே கௌரி. கணினிக்கு அவள் வேறு பெண். பெயரை மாற்றச் சொல்லி ஆசிரியர் கேட்டால் பாதிக் கௌரிகள் பழைய பெயரிலேயே நின்றுவிடுவார்கள்.

டிசம்பர் 19, வியாழன்

ஈய எழுத்துக் காலத்தை நினைத்துக்கொண்டேன். அச்சுக்கோப்பவர் ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கி அடுக்குவார். முதல் புரூஃப், இரண்டாம் புரூஃப், கடைசியாக மிஷின் புரூஃப். ஒருவர் மூலப்படியை உரக்கப் படிக்க, மற்றவர் அச்சில் சரிபார்ப்பார். அத்தனை கண்ணையும் தாண்டிப் பிழை வந்தது. அதற்காகவே நூலின் கடைசியில் ‘பிழையும் திருத்தமும்’ என்று ஒரு பக்கம் இருந்தது.

அன்று ஒரு சொல்லை நீட்டினால் பத்தி முழுவதையும் பிரித்துக் கோக்க வேண்டும். திருத்தம் செலவு பிடித்தது. அதனால் முன்கூட்டியே பார்த்தார்கள். இன்று எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். ஆகவே எப்போதும் பார்ப்பதில்லை. இலக்கணம் தெரிந்தவர்கள் அன்றும் கொஞ்சம்பேர்தான். குறைந்துபோனது மறுவாசிப்பு. அந்தக் கடைசிப் பக்கத்தையும் இப்போது எந்த நூலிலும் காண முடிவதில்லை. பிழையே இல்லாததுபோல் எல்லாப் புத்தகமும் முடிகிறது.

டிசம்பர் 21, சனி

அந்தச் சிறுகதைக்காரரிடம் தாளில் அச்செடுத்துப் படிக்கச் சொல்லியிருந்தேன். வாய்விட்டுப் படித்தால் கரையும் கறையும் மறுபடி ஒன்றாகிவிடும், கண்ணால் படியுங்கள் என்றும் சொன்னேன். நான் கோட்டை விட்ட இடங்களையும் சேர்த்துச் சிவப்பில் சுழித்து அனுப்பியிருக்கிறார்.

மாலை பதிப்பாளர் அழைத்தார். அச்சகம் நெருக்குகிறதாம், கடைசி ஃபாரத்தைப் பார்க்காமலே விட்டுவிடலாமா என்றார். அந்த 16 பக்கத்தில்தான் கதைகள் முடிகின்றன, முடிவை நம்மில் ஒருவராவது படித்திருக்க வேண்டாமா என்று கேட்டேன். நாளை மதியம்வரை அவகாசம் கொடுத்திருக்கிறார்.