தங்கச்சிமடத்தில் ஒரு பச்சை விருந்தாளி

ராமேஸ்வரம் என்றாலே நமக்கு 22 தீர்த்தம், நீண்ட பிரகாரம், தனுஷ்கோடி மணல். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு ஜன்னலோர சீட்டுக்கும் போட்டி வந்துவிட்டது. பாம்பனைத் தாண்டியதும் வருகிற தங்கச்சிமடத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் உங்கள் வீட்டு வாசலில் பூக்கிற மல்லிகை இந்த ஊர் மணலில் வேர் பிடித்ததாக இருக்கலாம். கடற்கரை மணலில் மல்லிகைக் குச்சிகளை நெருக்கமாக ஊன்றி, வேர் விட்டதும் கட்டுக் கட்டாக வெளியூர்களுக்கு அனுப்புகிறார்கள்.

என் நாத்தனாரைக் கட்டிக் கொடுத்தது இந்த ஊரில்தான். போன முறை போனபோது, விளக்கு வைத்த சற்று நேரத்தில் வாசலிலிருந்து அவள் கத்தினாள். "மதினி, அந்த விளக்குமாத்தை எடுத்துட்டு வாங்க! எவ்வளவு பெரிய பூச்சி பாருங்க!"

அவள் மாமியார் தடுத்துவிட்டார். "விளக்கு வச்ச நேரத்துல வீடு தேடி வந்திருக்கு. அடிக்காதே தாயி."

டியூப்லைட்டுக்குக் கீழே, சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு அந்துப்பூச்சி. பாசிப்பச்சை, இலைப்பச்சை, நடுநடுவே ரோஜா நிறமும் வெள்ளையும் குழைத்துத் தீட்டிய இறக்கை. இந்தக் கலரில் ஒரு பட்டுப்புடவை கிடைத்தால் விலை கேட்காமல் வாங்கிவிடுவேன்! ஆங்கிலத்தில் இதற்கு ஓலியாண்டர் ஹாக் மாத் என்று பெயர். அரளியில் வளர்கிற பூச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவீடனின் லின்னேயஸ் 1758-லேயே இதற்கு அறிவியல் பெயர் சூட்டிவிட்டார். அபூர்வமாகக் கண்ணில் படுகிறதே தவிர, அழிந்து வருகிற இனமில்லை. நாம் சமையலறையில் இருக்கிற அந்தி நேரத்தில்தான் அது மல்லிகை மாதிரி வாசனைப் பூக்களைத் தேடி வரும். பூவில் உட்காராமல், அந்தரத்தில் நின்றபடியே தேன் உறிஞ்சும். பறப்பதிலும் சூரன். ஆப்பிரிக்காவிலிருந்து கடல் தாண்டி ஐரோப்பா வரைக்கும் போகிற பூச்சி இது.

மறுநாள் காலை வேலியோர அரளியில் இதன் புழுவையும் பார்த்தோம். விரல் நீளம், பளிச்சென்ற பச்சை, வாலில் சின்னக் கொம்பு. தொட்டால் தலையை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு, இரண்டு நீலக் கண்களை உருட்டி முழிக்கிறது. அவை கண்களே அல்ல, குருவியைப் பயமுறுத்துகிற வேஷம். ரோமமில்லாத புழு, கம்பளிப்பூச்சி மாதிரி அரிக்காது.

நாத்தனாரின் மூன்று வயது வாண்டு, "அத்தை, பூச்சி சாப்பிடுது, நானும்..." என்று அரளி இலையைக் கிள்ளி வாய்க்குக் கொண்டு போனானே, அப்போதுதான் எனக்குப் பகீரென்றது. தட்டிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினோம். பூச்சிக்கு விளக்குமாறு தேடுகிற நாம், குழந்தைக்கு எட்டுகிற உயரத்தில் அரளியை வளர்க்கிறோம்!

அரளியில் இலை, பூ, தண்டு, வேர் எல்லாமே விஷம். மஞ்சள் அரளியின் விதை இன்னும் மோசம். வாந்தி, வயிற்றுவலி வரும். இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகலாம். குழந்தை மென்றுவிட்டது தெரிந்தால் உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் என்று கொடுத்து வாந்தியெடுக்க வைக்காதீர்கள். அந்தச் செடியில் ஒரு கொத்தை ஒடித்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். டாக்டருக்கு அடையாளம் தெரிய வேண்டும்.

புழு மட்டும் எப்படிப் பிழைக்கிறது? அந்த விஷத்தைச் சமாளிக்கிற வழி அதன் உடம்பிலேயே இருக்கிறதாம்.

இந்தப் புழுவுக்கு நித்யகல்யாணியும் பிடித்த சாப்பாடு. ராமநாதபுரம் சீமையின் வறண்ட மண்ணில் தானாகவே மண்டிக் கிடக்கிற, பயிராகவும் போடுகிற அதே செடிதான். அதிலிருந்து எடுக்கிற வின்கிரிஸ்டின் என்கிற மருந்துதான் 1960-களிலிருந்து ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுக்கப்படுகிறது. அதற்காக இலையைப் பறித்துக் கஷாயம் வைத்துவிடாதீர்கள். பச்சையாக அதுவும் விஷம்தான்.

வளர்ந்த புழு பழுப்பு நிறமாகிக் கீழே இறங்கி, சருகுக்குள் கூடு கட்டும். சுமார் இரண்டு வாரத்தில் பூச்சியாகிவிடும். "அந்த மூலையை மட்டும் பெருக்காமல் விட்டிருக்கேன் மதினி" என்று நாத்தனார் போனில் சொன்னாள். அரளியைச் சுற்றி, வாண்டு நுழையாதபடி பனைமட்டை வேலியும் போட்டுவிட்டாளாம்.