தண்டவாளத்துக்குக் கிழக்கே ஓர் ஊர்

சிதம்பரம் என்றதும் நடராஜர் கோயில்தான் நினைவுக்கு வரும். ரயில் தண்டவாளத்தைத் தாண்டிக் கிழக்கே போனால், ஒரு பல்கலைக்கழகத்துக்காகவே உருவான ஊர் இருக்கிறது: அண்ணாமலை நகர்.

1920-ல் இங்கே மீனாட்சி கல்லூரியைத் தொடங்கியவர் ராஜா சர் அண்ணாமலை செட்டியார். 1929-ல் அது பல்கலைக்கழகமானது. தமிழிசை இயக்கத்துக்குத் தோள் கொடுத்தவரும் இவர்தான்.

வளாகத்தில் நிற்கும் ராஜேந்திரன் சிலையைப் பார்க்காமல் வரக் கூடாது. 1965 ஜனவரி 27 அன்று, இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸ் சுட்டு இறந்த மாணவர் அவர்.

ஆனால், 'அண்ணாமலை'யை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது 1979-ல் வந்த தொலைதூரக் கல்விதான். வேலை பார்த்துக்கொண்டே, பிள்ளை வளர்த்துக்கொண்டே தபாலில் டிகிரி முடித்தவர்கள் ஏராளம். உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கலாம்!

பிறகு கஜானா காலியானது. தேவைக்கு மேல் ஆட்களை எடுத்ததும் ஒரு காரணம். 2013-ல் தமிழக அரசு தனிச் சட்டம் போட்டுப் பொறுப்பேற்றது. உபரி ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் வேறு அரசுத் துறைகளுக்குப் போனார்கள். 2022-ல் அடுத்த இடி. 2014-15-க்குப் பிறகு நடத்திய தொலைதூரப் படிப்புகளுக்கு அங்கீகாரம் இல்லை என்றது யு.ஜி.சி. பீரோவிலிருந்து சான்றிதழை எடுப்பவர்கள் இப்போது முதலில் தேடுவது, சேர்ந்த வருடத்தைத்தான்.