பூட்டின வீடும் கணக்குதான்

ஆபீஸ்ல ஆணி அதிகம். அதனால ரெண்டு மாசமா இந்தக் கடைக்குப் பூட்டு. இன்னிக்குத் திறந்ததே ஒருத்தன்கிட்ட மன்னிப்பு கேட்ட கதையைச் சொல்லத்தான். நடுவுல கொஞ்சம் லினக்ஸ் கெர்னல் சமாச்சாரம் வரும். பொட்டி தட்டாத மக்கள் பயந்து ஓடிடாதீங்க. எங்கப்பா, சென்சஸ், வளவு வீடு எல்லாம் வருது. :-)

மூணு வருஷத்துக்கு முன்னாடி நடந்தது. எங்க டீமுக்கு ஒரு டெஸ்ட் சர்வர் இருந்தது. 4 ஜிபி மெமரியோட ஒரு சின்ன மெஷின். ஒரு நாளைக்கு இருநூத்துச் சொச்சம் டெஸ்ட் அதுல ஓடும். ஒவ்வொரு டெஸ்டுக்கும் தனியா ஒரு நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் உருவாக்குவோம். டெஸ்ட் முடிஞ்சதும் ஒரு ஸ்கிரிப்ட் வந்து அதைக் கூட்டிப் பெருக்கிட்டுப் போயிடும்.

நேம்ஸ்பேஸ்னா என்னன்னு கேக்கறவங்களுக்கு: எங்க திருநெல்வேலிப் பக்கம் வளவுன்னு சொல்வோம். தெருவுக்கு ஒரே வாசல், உள்ள போனா எட்டு வீடு. கிணறு பொது, முத்தம் பொது, அடுப்படி மட்டும் தனித்தனி. எட்டு வீட்லயும் ஒரு 'பெரியவன்' உண்டு. எங்கம்மா "ஏ பெரியவனே"ன்னு உள்ளருந்து கூப்பிட்டா எங்க வீட்ல நான் மட்டும்தான் திரும்புவேன். அடுத்த வீட்டுப் பெரியவன் பாட்டுக்குக் கோலி ஆடிட்டு இருப்பான். ஒரே பேரு, ஆனா ஒவ்வொரு வீட்டுக்குள்ளயும் வேற ஆளு. கெர்னல் செய்றதும் இதேதான். ஒரே மெஷின், ஒரே கெர்னல். உள்ள இருக்கிற ஒவ்வொரு கண்டெய்னரும் தனக்குத் தனி நெட்வொர்க், தனி ப்ராசஸ் எண் வரிசை, தனி ஹோஸ்ட்நேம் இருக்கிறதா நினைச்சுக்கிட்டுக் குடித்தனம் நடத்தும்.

இந்த வளவு ஒரே நாள்ல கட்டினதில்லை. 2002ல, 2.4.19 கெர்னல்ல முதல்ல வந்தது மவுண்ட் நேம்ஸ்பேஸ். அதுக்கு வச்ச கொடியோட பேரு வெறும் 'புது நேம்ஸ்பேஸ்'. இன்னும் பல வகை வரும்னு அன்னிக்கு யாரும் எதிர்பார்க்கலை போல! மொதப் பிள்ளைக்கே 'பிள்ளை'ன்னு பேரு வச்ச மாதிரி. அப்புறம் ஹோஸ்ட்நேமுக்கு ஒண்ணு, ப்ராசஸ் எண்ணுக்கு ஒண்ணு, நெட்வொர்க்குக்கு ஒண்ணு, யூசருக்கு ஒண்ணுன்னு வரிசையா வந்து, 2020ல டைம் நேம்ஸ்பேஸோட சேர்த்து எட்டு வகை ஆயிடுச்சு.

சரி, மேட்டருக்கு வருவோம். அந்த டெஸ்ட் சர்வர் எட்டு ஒன்பது நாளைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கும். மெமரி ஏறிக்கிட்டே போகும், புது நேம்ஸ்பேஸ் உருவாக்கவே இழுக்கும். நாங்க ரீபூட் பண்ணுவோம், சரியாயிடும், மறுபடி ஆரம்பிக்கும். கூட்டிப் பெருக்கிற ஸ்கிரிப்டை எழுதினது டீம்ல புதுசா சேர்ந்திருந்த ஒரு பையன். பழியை யார் தலையில போடுவோம்னு உங்களுக்கே தெரியும்.

பையன் ஒரு நாள் சாயங்காலம் லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்தான்.

"அண்ணே, எல்எஸ்என்எஸ் அடிச்சா மூணே மூணு நெட்வொர்க் நேம்ஸ்பேஸ்தான் காட்டுது. ஆனா கெர்னலோட ஸ்லாப் கணக்குல ரெண்டாயிரத்துக்கு மேல இருக்கு. எங்கயோ உயிரோட இருக்குண்ணே."

நான் திரும்பிக்கூடப் பார்க்கலை. "ஸ்லாப்ங்கிறது கேஷ்டா. கெர்னல் மெதுவா விடும். லிஸ்ட்ல இல்லாதது எப்படி இருக்கும்? போய் உன் ஸ்கிரிப்டைப் பாரு"ன்னேன்.

அதோட விட்டிருந்தாலும் பரவாயில்லை. 'க்ளீனப் ஸ்கிரிப்ட்ல கோளாறு, சரி பண்ணச் சொல்லியிருக்கேன்'னு அவன் பேரைப் போட்டு மேனேஜருக்கு ஒரு மெயிலும் தட்டினேன். அப்ரைசல் சமயம் வேற.

அவன் மூணு ராத்திரி உட்கார்ந்து கண்டுபிடிச்சான். எல்எஸ்என்எஸ் 2016ல வந்த கருவி. அதுக்கு கெர்னல்கிட்ட நேரா "எத்தனை நேம்ஸ்பேஸ் இருக்கு?"ன்னு கேக்க வழியே கிடையாது. அப்படி ஒரு சிஸ்டம் கால் அன்னிக்கு இல்லை. அதனால ப்ராக் டைரக்டரிக்குள்ள போய் ஒவ்வொரு ப்ராசஸ் கதவையும் தட்டி, "நீ எந்த நேம்ஸ்பேஸ்ல இருக்கே?"ன்னு கேட்டு, வந்த பதில்ல ஒரே மாதிரி இருக்கிறதைக் கழிச்சுட்டுப் பட்டியல் போடும். ஆளைக் கேட்டு வீட்டை எண்ற கதை.

ஆள் இல்லாத வீடு? நேம்ஸ்பேஸ் உயிரோட இருக்க உள்ள ப்ராசஸ் இருந்தே ஆகணும்னு கட்டாயம் இல்லை. பைண்ட் மவுண்ட் பண்ணி வச்சாலும் இருக்கும். யாரோ ஒருத்தர் அதோட ஃபைலைத் திறந்து கையில பிடிச்சுக்கிட்டு இருந்தாலும் இருக்கும். அந்தக் கைப்பிடியை யூனிக்ஸ் சாக்கெட் வழியா இன்னொரு ப்ராசஸுக்கு அனுப்பி, அது போய்ச் சேராம நடுவழியில நின்னாலும் இருக்கும். எங்ககிட்ட அப்ப இருந்த எல்எஸ்என்எஸ் பதிப்புக்கு இதெல்லாம் கண்ணுல படாது.

பையன் ஒவ்வொரு ப்ராசஸும் திறந்து வச்சிருக்கிற ஃபைல்களை வரிசையா பார்த்திருக்கான். ஒரு டீமன்கிட்ட மட்டும் ரெண்டாயிரத்துக்கு மேல கைப்பிடி. எல்லாம் 'நெட்'னு ஆரம்பிச்சு, பக்கத்துல பத்து இலக்க எண்ணோட. ஒவ்வொரு டெஸ்ட் நேம்ஸ்பேஸுக்குள்ளயும் எட்டிப் பார்த்து ட்ராஃபிக் கணக்கு எடுக்கிற டீமன் அது. திறக்கும். மூடாது. அதை நிறுத்தினதும் ஸ்லாப் எண் மளமளன்னு இறங்கி, சில நிமிஷத்துல இருபதுக்குக் கீழ வந்து நின்னுச்சு.

அந்த டீமனை எழுதினது யாருன்னு கேக்கறீங்களா? அடியேன்தான். 'நிறைய ஃபைல் திறக்கும், எதுக்கும் இருக்கட்டும்'னு அதோட வரம்பை 65536க்கு ஏத்தி வச்சதும் அடியேன்தான். ஏத்தாம விட்டிருந்தா ஒரு வாரத்துல அதுவே கத்தியிருக்கும்.

திருத்தி மெயில் போட்டேன். போட்டேன்னு சொல்லிக்கலாம். 'டீமன் பக்கம் ஒரு சின்ன மாற்றம் செய்தாச்சு, பிரச்னை தீர்ந்தது'ன்னு ரெண்டே வரி. யார் டீமன், யார் கண்டுபிடிச்சது, எதுவும் இல்லை. அந்த வருஷ அப்ரைசல்ல அவனுக்கு என்ன வந்ததுன்னு எனக்குத் தெரியும். அடுத்த ஆறு மாசத்துல வேற வேலை பார்த்துக்கிட்டுப் போயிட்டான். போற அன்னிக்குக் கை குடுத்து "வரேன்ணே"ன்னான். எனக்குப் பேச்சு வரலை.

இப்ப ஏன் இந்தக் கொசுவத்தின்னா, 2026 பிப்ரவரில வெளியான 6.19 கெர்னல்ல லிஸ்ட்என்எஸ்னு ஒரு புது சிஸ்டம் கால் வந்திருக்கு. எழுதினவர் கிறிஸ்டியன் ப்ரௌனர். கெர்னல்கிட்டயே நேரா பட்டியல் கேக்கலாம், கதவு கதவா தட்ட வேண்டாம். மவுண்ட் நேம்ஸ்பேஸ் வந்து இருபத்தி மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு, இப்பத்தான் இது! 'ஒரு லிஸ்ட் குடுக்க இவ்வளவு நாளா?'ன்னுதான் எனக்கும் முதல்ல தோணிச்சு. உட்கார்ந்து படிச்சப்பதான் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலயும் ஒரு கேள்வி இருக்கிறது புரிஞ்சது.

மொதக் கேள்வி, எதை வச்சு அடையாளம் சொல்றது? அந்தப் பத்து இலக்க எண் ஒரு ஐநோட் எண். ஒரு நேம்ஸ்பேஸ் செத்ததும் அதே எண் இன்னொண்ணுக்குப் போகலாம். காலி பண்ணின வீட்டு நம்பரைப் புதுசா கட்டின வீட்டுக்குக் குடுத்தா, பழைய கடுதாசி எல்லாம் தப்பான ஆளுக்குத்தானே போகும்? அதனால இப்ப ஒவ்வொண்ணுக்கும் 64 பிட்ல ஒரு எண். மெஷின் ஓடுற வரைக்கும் அதே எண் வேற எதுக்கும் கிடையாது.

ரெண்டாவது, எப்படிக் குடுக்கிறது? பட்டியல் பெருசா இருந்தா ஒரே மூச்சுல குடுக்க முடியாது. 'நூறு வரைக்கும் பார்த்துட்டேன், நூத்தி ஒண்ணுலருந்து குடு'ன்னு கேட்டா, இடையில நாலு செத்து அஞ்சு பிறந்திருக்கும், கணக்கு மாறிடும். அதனால 'கடைசியா நான் பார்த்த எண் இது, இதுக்கு மேல உள்ளதைக் குடு'ன்னு கேக்கணும். எண் ஏறுவரிசையில இருக்கிறதால நடுவுல எது வந்தாலும் போனாலும் விட்ட இடத்துலருந்து பிடிச்சுக்கலாம். நெட்வொர்க் மட்டும் போதும்னு வகை சொல்லிக் கேக்கலாம், இந்த யூசர் நேம்ஸ்பேஸுக்குச் சொந்தமானது மட்டும்னும் கேக்கலாம்.

மூணாவது, யாருக்குக் காட்டுறது? கண்டெய்னருக்குள்ள இருக்கிறவனுக்கு மெஷின்ல இருக்கிற எல்லாத்தையும் காட்டிட்டா, அப்புறம் நடுவுல சுவரு எதுக்கு? மெயின் மெஷினோட அட்மின் அதிகாரம் இருந்தா எல்லாம் தெரியும். இல்லைன்னா நீ இருக்கிற நேம்ஸ்பேஸும், உன் அதிகாரத்துக்குக் கீழ வர்றதும் மட்டும்தான்.

நாலாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. எதை 'இருக்கு'ன்னு சொல்றது? உள்ள ப்ராசஸ் இருந்தா இருக்கு. பைண்ட் மவுண்டோ, திறந்த ஃபைலோ இருந்தா இருக்கு. பிள்ளை நேம்ஸ்பேஸ் நடமாட்டத்துல இருந்தா அதோட தாயும் இருக்கு. ஆனா கெர்னல் தன் சொந்த வேலைக்காக உள்ளுக்குள்ள பிடிச்சு வச்சிருக்கிறது பட்டியல்ல வராது. வீட்டை இடிச்சாச்சு, ஈபி கணக்கு மட்டும் இன்னும் மூடலைங்கிற மாதிரி. அதைப் பட்டியல்ல போட்டா, அந்த எண்ணை வச்சு யாராவது திரும்ப உள்ள நுழையப் பார்ப்பாங்க. அதுக்காகவே, வெளியில பயன்பாட்டுல இருக்கான்னு தனியா ஒரு எண்ணிக்கை வச்சிருக்காங்க. ஆக, புதுப் பட்டியல்லயும் எல்லாம் வந்துடாது. ஸ்லாப் கணக்குக்கு இன்னமும் வேலை இருக்கு.

இதைப் படிச்சுட்டு இருந்தப்ப எங்கப்பா ஞாபகம் வந்துட்டார். அவர் பள்ளிக்கூட வாத்தியார். 2001 சென்சஸுக்கு முந்தின வருஷம் வீட்டுப் பட்டியல் எடுக்கிற வேலை அவருக்கு வந்தது. கதவுல நம்பர் எழுத நான் பெயிண்ட் டப்பாவைத் தூக்கிட்டுப் பின்னாடியே போனேன். எங்க வளவுலயே ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. வீட்டுக்காரங்க பம்பாய்ல.

"இங்கதான் யாருமே இல்லையேப்பா, விட்டுட்டுப் போலாம்"னேன். வெயிலு வேற.

"ஆளை எண்றது அடுத்த வருசம்லே. இது வீட்டுக் கணக்கு. பூட்டிக் கிடந்தாலும் வீடு வீடுதான். நம்பரைப் போடு"ன்னார்.

போட்டேன். அதைக் கையால எழுதினவன்தான் இருபத்தி மூணு வருஷம் கழிச்சு ஒரு பையன்கிட்ட "லிஸ்ட்ல இல்லாதது எப்படி இருக்கும்"னு கேட்டிருக்கேன். அந்தப் பட்டியல் எதை எண்ணுதுன்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா போதும். ஆளையா, வீட்டையான்னு.

போன ஞாயித்துக்கிழமை அவனுக்கு ஃபோன் பண்ணினேன். நம்பர் மாத்தலை. லிஸ்ட்என்எஸ் பத்திப் பேச்சை ஆரம்பிச்சேன். அவன் முன்னாடியே படிச்சிருந்தான்.

"அன்னிக்கு மேனேஜருக்கு நான் போட்ட ரெண்டாவது மெயில்ல உன் பேரைப் போட்டிருக்கணும்டா. டீமன் என்னோடதுன்னும் சொல்லியிருக்கணும். ரெண்டையும் வேணும்னேதான் சொல்லாம விட்டேன். மன்னிச்சுக்கோ"ன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாயிடுச்சோன்னு பார்த்தேன்.

"தெரியும்ணே. சிசில நானும் இருந்தேன்ல"ன்னான்.

மூணு வருஷமா அது எனக்கு உறைக்கவே இல்லை. அவன் அந்த மெயிலைப் படிச்சிருக்கான். படிச்சுட்டுத்தான் கை குடுத்துட்டுப் போயிருக்கான்.

அப்புறம் அவனே பேச்சை மாத்தினான். "அந்த டீமன் இன்னும் ஓடுதாண்ணே?"

"ஓடுதுடா. இப்ப ஒழுங்கா மூடுது."

"வரம்பைக் குறைச்சீங்களா?"

குறைக்கலை. திங்கட்கிழமை காலைல போனதும் மொத வேலையா 1024 ஆக்கினேன். மாத்தினதுக்குக் காரணம் எழுதுற இடத்துல இந்தத் தடவை அவன் பேரைப் போட்டிருக்கேன். மேனேஜருக்கும் ஒரு மெயில் போயிருக்கு, கொஞ்சம் நீளமாவே. மூணு வருஷம் லேட்டு, அவனுக்கு இதால ஒரு பைசா பிரயோஜனம் கிடையாதுன்னு தெரியும். இருந்தாலும் கணக்குல வரணும் இல்லையா?

பி.கு: உங்க ஆபீஸ்ல புதுசா சேர்ந்த பையனோ பொண்ணோ லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்து "அண்ணே, அக்கா, ரெண்டு கணக்கும் ஒத்து வரலை"ன்னா, தயவுசெஞ்சு திரும்பிப் பாருங்க மக்களே.